ராணியின் பெயரில் ஒரு பாட்டில்

கேள்வி: அரச குடும்பத்து ஓவியம், அரிய விஸ்கி என்று விற்று தர்மம் செய்கிறார்களாமே! குடி குடியைக் கெடுக்கும் என்பார்கள். குடி குடியை வாழவைக்குமா?

பதில்: சில குடிகளை வாழவைத்திருக்கிறது! 2012-இல், எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 60-ஆம் ஆண்டுக்காக ஜானி வாக்கர் விற்பனைக்கு விட்டது 60 பாட்டில்கள்தான். உள்ளே அவர் பட்டத்துக்கு வந்த 1952-இல் வடித்த சரக்கு. வெளியே பக்கரா கிரிஸ்டல், கழுத்தில் எடின்பரோ கொல்லர்களின் வெள்ளி வேலைப்பாடு, அதில் ஒரு வைரம். பாட்டில் 1 லட்சம் பவுண்டு. லாபம் ராணி எலிசபெத் உதவித்தொகை அறக்கட்டளைக்கு. நெசவு, புத்தகக் கட்டு, வெள்ளி வேலை கற்பவர்களுக்குப் பணம் தரும் அமைப்பு அது.

ஓவியத்துக்கும் தர்மத்துக்கும் தொடர்பு உண்டு. 2024-இல் திரை விலகிய சார்லஸ் மன்னரின் செக்கச்செவேல் படத்தை (தோளருகே ஒரு பட்டாம்பூச்சி, பார்த்தீர்களா?) ஓவியர் ஜோனதன் யோவிடம் சொல்லி வரையவைத்தது டிரேப்பர்ஸ் கம்பெனி. பழைய லண்டன் துணி வணிகர் சங்கம். இன்று அதன் பெரிய வேலையே தர்ம காரியம்.

பாட்டிலைத் திறந்தார்களா, பூட்டிவைத்தார்களா என்பது வாங்கியவர் பாடு. பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைக்கு உதவித்தொகை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா? நான் கேட்பது அதை மட்டும்தான்.