கண்டியைக் கண்டும் காணாமல் நடப்பது எப்படி

தம்பி, வழிகாட்டி உத்தியோகத்துக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டதாமே, சந்தோஷம். தொப்பியும் குடையும் வாங்கியிருப்பாய். ஆங்கிலம் கைவசம் இருக்கிறது. ஜெர்மனும் ஜப்பான் மொழியும் போகப் போக வரும். இனி நீ படிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: எதைச் சொல்லாமல் விடுவது என்பது. யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த ஊர் இது. இந்த ஊருக்குள் ஓர் அயல்நாட்டுக்காரரைக் காலையிலிருந்து பொழுதுசாயும்வரை நடத்திக் களைக்கவைத்து, திரும்பக் கொண்டுபோய் ஹோட்டலில் விடும்போது, தமிழன் என்று ஒருவன் கண்டியில் கால்வைத்ததே அவருக்குத் தெரிந்திருக்கக்கூடாது. குண்டு வைக்க வந்த அந்த ஒரு நாளைத் தவிர.

காலையில் குயின்ஸ் ஹோட்டல் வாசலில் கூட்டத்தைச் சேர். எட்டு மணிக்குமுன் வேண்டாம். அதற்கு முன்னால் வந்தால், தெருக்கூட்டுகிறவர்கள் கண்ணில் படுவார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்று யாராவது கேட்பார்கள். மஹியாவ என்று சொல்லவேண்டிவரும். நகரசபையின் குப்பையையும் மலத்தையும் அள்ளுவதற்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே வேலையில் அங்கே இருப்பதைச் சொல்லவேண்டிவரும். எட்டு மணிக்கு வீதி பளிச்சென்று இருக்கும். “கண்டி எவ்வளவு சுத்தம்!” என்பார்கள். தலையை ஆட்டி ஏற்றுக்கொள்.

முதலில் வாவி. இதை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807இல். பெயரை முழுதாக, கம்பீரமாகச் சொல். கண்ணுசாமி என்ற பிறவிப் பெயரை விழுங்கிவிடு. இந்த மன்னர் விஷயத்தில் ஒரு வித்தை இருக்கிறது, கவனமாகக் கேள். வாவியைக் காட்டும்போதும், கரையிலுள்ள முகில் மதிலைக் காட்டும்போதும், மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் காட்டும்போதும் அவர் “எங்கள் கடைசிச் சிங்கள மன்னர்”. தன் பிரதானி எஹெலேபொலயின் மனைவியைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றதையும், பிள்ளைகளின் தலையை வெட்டியதையும் சொல்லும்போது அவர் “தென்னிந்திய நாயக்கர்”. அழகு உள்ளூர்ச் சரக்கு, கொலை இறக்குமதி. நடுவில் மூச்சு விடாமல் மாற்றத் தெரிந்தவனே தேர்ந்த வழிகாட்டி. நம் தேசியக் கொடியில் வாளோடு நிற்கும் சிங்கம் யாருடைய கொடியிலிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் குடையை விரித்து, “வெயில் ஏறுகிறது, நடப்போம்” என்று சொல்.

அடுத்து தலதா மாளிகை. செருப்பைக் கழற்றச் சொல், முழங்காலை மூடச் சொல், சீட்டு எடுக்க அனுப்பு. பௌத்தத்தின் பெருமையை விரிவாகச் சொல், சொல்லவேண்டிய பெருமைதான். பிக்குமாருக்கு முறைப்படி உபசம்பதை செய்துவைக்க நாட்டில் ஆளில்லாமல் போன காலத்தில், 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரையும் பிக்குமாரையும் வரவழைத்துச் சங்கத்தைத் திரும்ப நிமிர்த்தியதைச் சொல். நான்கு தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசலப் பெரஹராவில் புத்தரின் புனித தந்தத்தை முதலிடத்தில் ஏற்றியதைச் சொல். இதையெல்லாம் செய்வித்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் என்பதை மட்டும் சொல்லாதே. திருநீறு பூசுகிறானே என்று முகம் சுளித்து, 1760இல் சொந்தப் பிரதானிகளும் பிக்குமாரும் அவரைக் கொல்லச் சதிசெய்ததைச் சொல்லவே சொல்லாதே. அதற்குப் பிறகும் அவர் விகாரை கட்டுவதை நிறுத்தவில்லை. பாவம், நன்றி கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார்.

வாசலில் நின்று 1998 ஜனவரி 25ஐச் சொல். லொறி நிறைய வெடிமருந்தோடு புலிகள் வந்து மோதியதையும், கும்பிட வந்த சனம் செத்ததையும், அந்த வீதியை வாகனங்களுக்கு மூடியதையும் சொல். கோயில் வாசலில் குண்டு வைத்தவனுக்கு வக்காலத்து வாங்க எனக்கு வாய் வராது. அது பாதகம். ஒவ்வொரு நாளும் சொல்லலாம். ஆனால் அந்த நெருப்பு வானத்திலிருந்து விழுந்ததுபோல் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய நெருப்புகள் எல்லாம் உன் நடைப்பாதையில் கிடையாது.

பக்கத்திலேயே அரசவை மண்டபமான மகுல் மடுவ. தூண்களின் மரவேலையைத் தடவிப் பார்க்கச் சொல். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான். பிரதானிகள் தங்கள் அரசனை வெள்ளைக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு சபையும் கூட்டினார்கள். இதை “அதிகாரப் பரிமாற்றம்” என்று நாகரிகமாகச் சொல்லலாம். மன்னர் வேலூர்க் கோட்டைக்குப் போய் 1832இல் அங்கேயே செத்தார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை மட்டும் வாசித்துக் காட்டிவிடாதே. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கண்டிச் சீமைக்குள் திரும்பக்கூடாது. மீறினால் இராணுவச் சட்டப்படி தண்டனை. அதாவது தமிழன் உள்ளே வந்தால் உயிர் போகும்.

இந்தப் பிரிவின் மை காய்வதற்குள் என்ன நடந்தது தெரியுமா? கம்பளைப் பக்கமும் பேராதனைப் பக்கமும் கோப்பி நட்டார்கள். ஆள் தேவைப்பட்டது. எந்தத் துரைமார் மலபாரானை உள்ளே விடாதே என்று எழுதினார்களோ, அதே துரைமார் அவனை ஆயிரக்கணக்கில் அழைத்துவந்தார்கள். சட்டம் அவன் தலையில் கிரீடம் இருந்தால்தான் செல்லுபடியாகும். கூடை இருந்தால் தளர்ந்துவிடும்.

கண்டிக்கு வழிகாட்டி கூட்டிவந்த முதல் நடை அதுதான், தம்பி. வழிகாட்டியின் பெயர் கங்காணி. மன்னார்க் கரையில் இறக்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று ஏற்றினான். தண்ணீர் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. வாந்திபேதியில் விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவன் நடந்தான். வந்துசேர்ந்தபோது வழிச்செலவு அவன் தலையில் கடனாக ஏறியிருந்தது. அந்தக் கடனை எழுதிவைத்த துண்டு முறையை ஒழிக்க 1921வரை ஆனது. இந்த நடையை உன் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கமுடியாதுதான். இடையில் தேநீர் வேளை இல்லை.

இப்போது மாளிகைக்குப் பின்னால் உள்ள பிரிட்டிஷ் படைமுகாம் மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. வெள்ளைக்காரருக்கு மிகவும் பிடித்த இடம். புல் வெட்டி, கல் கழுவி, தோட்டம்போல வைத்திருக்கிறார்கள். வாந்திபேதியில் போனவர், காட்டுக் காய்ச்சலில் போனவர், வெயில் அடித்துப் போனவர், யானை அடித்துப் போனவர், வீடு இடிந்து விழுந்து போனவர் என்று ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் ஊரும் கல்லில் இருக்கிறது. 1815 ஒப்பந்தத்தின் சூத்திரதாரி ஜோன் டொய்லியும் இங்கேதான் படுத்திருக்கிறார். ஒரு துரையை ஓர் யானை மிதித்தால் அது வரலாறு. அதே வாந்திபேதியில் அதே ஆண்டுகளில் மாத்தளை வழியில் செத்தவர்களுக்கு ஒரு குச்சிகூட நட்டுவைக்கவில்லை. “இங்கே வேறு யாரும் சாகவில்லையா?” என்று எந்தப் பயணியும் கேட்கமாட்டார். ஆகவே பயப்படாதே.

அடுத்தது தேவாலயங்கள். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி. இங்கே நிம்மதியாகப் பேசலாம். பத்தினி நமது கண்ணகி; கதிர்காமத் தெய்வம் நமது முருகன். இருவரும் பெரஹராவில் யானைமேல் போகிறார்கள். இலங்கைக்கு வந்த தமிழரில் பத்திரம் கேட்கப்படாதவர்கள் இந்த இருவர்தான். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று தோட்டத்துச் சனத்தைக் கேட்டார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளிடம் ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரமும் கேட்கவில்லை. அவளைக் கும்பிட்டவர்களை மட்டும் நாடற்றவர்களாக்கினார்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்குபோட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டிக்கு 1867இல் வந்த ரயில் கோப்பி இறக்கப் போடப்பட்டது. நூறு வருஷம் கழித்து, இந்தியாவின் பங்குக்குப் போனவர்களைத் தலைமன்னாரில் இறக்கவும் அது உதவியது. ஸ்டேஷனைக் காட்டும்போது மலைப்பாதைக் காட்சியைப் பற்றிப் பேசு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கடைத்தெரு. வாசனைத் திரவியம், பத்திக், மாணிக்கக்கல் என்று உனக்குக் கமிஷன் உள்ள கடைகளில் நிறுத்து. காசில் ஹில் வீதியில் நிற்காதே: 1915 மே மாத வெசாக் இரவில் பள்ளிவாசலடியில் தொடங்கித்தான் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நாடெல்லாம் பரவியது. பேராதனை வீதியில் நிற்காதே: 1983 ஜூலை 26இல் தமிழன் கடைகள் எரிந்தன. திகன எந்தப் பக்கம் என்று கேட்டால் “கொஞ்சம் தூரம்” என்று சொல்: 2018 மார்ச்சில் அங்கே முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்து, நாட்டுக்கே அவசரகாலச் சட்டம் போட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே ஊர், ஒரே தீப்பெட்டி, எரிகிறவன்தான் மாறுகிறான். இதற்கும் ஒரு மரபுரிமைப் பலகை வைக்கலாம்.

கண்டிக்கு அரசியல் நடை ஒன்றும் உண்டு. தமிழருக்குச் சில உரிமைகள் தரவிருந்த பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லித் தலதா மாளிகைக்கு வேண்டுதல் வைக்க 1957 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து நடக்கத் தொடங்கினார் ஜே. ஆர். ஜயவர்தன. இம்புல்கொடையில் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நடை நின்றது, வேண்டுதல் பலித்தது. அடுத்த வருஷமே ஒப்பந்தம் கிழிந்தது. அன்று கால் வலித்ததுதான் மிச்சம் என்று திரும்பியவர், கண்டி எரிந்த 1983இல் ஜனாதிபதி. எரிந்து இரண்டு நாள் கழித்து நாட்டுக்கு உரையாற்றினார். அந்த உரையில் எரிந்த தமிழனுக்கு ஓர் அனுதாபச் சொல்லும் இல்லை. இவ்வளவையும் ஒரு வெயில் பொழுதில் எப்படிச் சொல்வது? விடு.

உனக்கு ஜப்பானியப் பயணிகள் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அவர்களுடைய கியோட்டோவும் நடந்து பார்க்கும் ஊர்தான். கோயில், தோட்டம், தேநீர். ஆனால் அங்கே ஒரு மண்மேடு இருக்கிறது. ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படை கொரியாவில் ஆயிரமாயிரம் பேரின் மூக்குகளை அறுத்து, எண்ணிக்கைக் கணக்குக் காட்ட உப்பிட்டு அனுப்பியதை 1597இல் புதைத்த மேடு. அவர்களுக்கும் அது வெட்கம்தான். பஸ்கள் வரிசையாக நிற்கும் இடமில்லை அது. ஆனாலும் மேட்டைத் தட்டையாக்கவில்லை. பலகையும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். எங்களிடம் மேடே கிடையாது.

பின்னேரம் ஹந்தானை. ஓட்டோவில் ஏறு, தேயிலை நூதனசாலைக்கு விடு. 1925இல் கட்டிய தொழிற்சாலை, மாடி மாடியாக இயந்திரம், ஜேம்ஸ் டெய்லர், தோமஸ் லிப்டன். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் டெய்லர் தேயிலை நட்டார் என்று எழுதியிருக்கும். தனியாளாக நட்டார்போல. அவரே காடு வெட்டி, அவரே குழி தோண்டி, அவரே கொழுந்து பறித்து, இரவில் லயத்துக் காம்பராவில் எட்டுப் பேரோடு படுத்திருக்கவேண்டும். மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டு கீழே பச்சை மலையைப் படம் பிடிப்பார்கள். படத்தில் புள்ளிபுள்ளியாக ஆட்கள் விழுவார்கள். அது நல்ல படம். புள்ளிகள் எங்கே குடியிருக்கின்றன என்று கேட்டால், கூட்டிக்கொண்டு போகாதே: வெள்ளைக்காரன் கட்டிய லயம் வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அப்படியே நிற்பதைக் கண்டால் அவருக்கே வெட்கமாகிவிடும். எங்களுக்கு ஆகவில்லை.

2023இல் இந்தத் தோட்டத்துச் சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை திரும்ப நடந்தது. தங்கள் பாட்டன் பூட்டன் விழுந்த அதே வழியில், ஜூலைக் கடைசியில் கிளம்பி, ஓகஸ்ட் வெயிலில். வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது, எங்களுக்குக் காணி கொடு, வீடு கொடு, சமமாக நடத்து என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். அதுவும் ஒரு பெரிய நடைச் சுற்றுலாதான். உங்கள் துண்டுப்பிரசுரம் எதிலாவது அது இருக்கிறதா? இருக்காது. அதற்கு நுழைவுச்சீட்டு விற்கமுடியவில்லை.

பொழுதுசாய, பயணி உன் கையில் சந்தோஷக் காசு வைப்பார். வாங்கிக்கொள், அதில் தப்பில்லை. மேலே கொழுந்து பறித்தவளுக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்கே அவள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்றாள். உன் பயணியின் நூதனசாலைத் தேநீரும் கேக்கும் அதில் எவ்வளவு என்று நீயே கணக்குப் பார்.

தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, சொன்ன வழியில் மட்டும் ஆட்களை நடத்தி, திரும்பிப் பார்க்கவிடாமல் மலையேற்றுகிற தொழிலைக் கங்காணி அன்றைக்குச் செய்தான். இன்றைக்குச் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் படம் ஒட்டிய அட்டை கொடுக்கிறது. ஆனால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூட ஒரு நீதி வைத்திருந்தான். நிறை குறைந்தால் திட்டுவான், அரைநாளை வெட்டுவான். ஆனாலும் மலையில் நின்றவளுக்குச் செக்ரோல் ஏட்டில் அரைப்பேராவது போட்டான். இருநூறு வருஷமாக மலையில் நிற்பவளுக்கு உங்கள் கண்டி அதைக்கூடப் போடவில்லை.