முடித்த நூலும் எண்வகை மெய்ப்பாடும்: ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நல்லா இருந்துச்சு” என்பார். மிஞ்சிப்போனால், “நடுவுல கொஞ்சம் இழுவை.” இவ்விரண்டு திருவாய்மொழிகளையும் திறனாய்வுலகம் பொருட்படுத்துவதில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

தரவு

பொங்கலுக்குப் பின் இவ்வாய்வாளர் முடித்த நூல்கள் மூன்று: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. முதலாவது ஐந்து பாகம் ஆதலின் ஏழு எனக் கொள்வாரும் உளர். இவ்வாய்வாளரும் அக்கட்சியே. 40ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியபடி தலையணையருகே கிடப்பவை கணக்கில் வாரா.

ஆய்வு முறை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை அது எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு நான்காகச் சொல்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியது 1977இல் என்பதால், அதைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு தொல்காப்பியருக்கு இல்லை. இருந்தும் அவர் கணக்கு பிசகவில்லை.

கண்டறிந்தவை

பெருமிதம்: இது பிறக்கும் முதல் இடம் கல்வி. ‘பொன்னியின் செல்வ’னின் கடைசிப் பாகமான ‘தியாக சிகரம்’ முடிந்த அன்றிரவே, கேளாத உறவினருக்கும் சேதி போகும். “படத்துல பாதிகூட இல்லைங்க” என்று தீர்ப்பும் கூடவே போகும். கதையைச் சொல்லச் சொன்னால், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவது மட்டும் துல்லியமாக வரும். அது முதல் அத்தியாயம்.

நகை: பிறப்பிடம் பேதைமை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்று தனக்கு மட்டும் தெரியும் எனும் வாசகரும், வேறொருவரைச் சொல்லும் வாசகரும் ஒரே கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார நேர்ந்தால் இதைக் காணலாம்.

வெகுளி: நான்காம் பிறப்பிடம் கொலை. 1959இல் வந்த ‘வாடிவாசல்’ ஒரு சல்லிக்கட்டுக்குள் முடிந்துவிடும் சிறிய நாவல். தன் அப்பனைக் குத்திச் சாய்த்த காரி என்ற காளையைப் பிச்சி அணைகிறான். அணைபட்ட காளையை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். மதுரையில் பஸ் ஏறியபோது பிரித்த நூல் விராலிமலை அருகே முடிந்தது. மீதிச் சில்லறை நீட்டிய கண்டக்டரை ஜமீன்தார் என்றே கருதி இவ்வாய்வாளர் முறைத்தார். குற்றமற்ற அம்மனிதர், சில்லறை குறைகிறதோ என்று மறுபடி எண்ணிப் பார்த்தார்.

மருட்கை: பிறப்பிடம் புதுமை. இரண்டாம் உலகப் போர்க்கால மெடானும் பினாங்கும், ஊடே நினைவில் வந்துபோகும் மதுரைத் தெருக்களுமாக விரிவது சிங்காரத்தின் நாவல். முடித்தவர், “அது வந்து… எப்படிச் சொல்றது…” என்று நிறுத்திவிடுவார். வாக்கியம் முடியாமையே இதன் அடையாளம்.

ஏனைய நான்கும் சுருங்கச் சொல்லப்படும். இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறதே என்று பார்த்தால் அவை பதிப்பகத்தின் விலைப்பட்டியலாக இருப்பது உவகை. பொடி எழுத்தைப் படிக்கக் கையைத் தூர நீட்ட வேண்டியிருப்பது மூப்பினால் வரும் இளிவரல். புத்தகக் காட்சியில் வாங்கியவற்றின் பில் நடுப்பக்கத்திலிருந்து விழுவது வறுமையினால் வரும் அழுகை. “முடிச்சாச்சா? ரெண்டே நாள்ல தந்துடறேன்” என்று நண்பர் கை நீட்டுவது கள்வரால் வரும் அச்சம்.

தடையும் விடையும்

‘இவை நூலைப் பற்றியன அல்ல, படித்தவரைப் பற்றியன’ என்பார்க்கு விடை வருமாறு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. முடிந்ததும், ‘சட்டென்று முடிந்துவிட்டதே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்’ என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி அவர்களை ரசனை போதாதவர்கள் என்று ஒதுக்கவில்லை. முடிவுரை எழுதி, அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். ஆய்வேடு எழுதி ஒரு நாவலைச் சில பக்கம் நீட்டியவரை இவ்வாய்வாளர் கேள்விப்பட்டதில்லை. “அப்புறம் என்ன ஆச்சு?” நீட்டியிருக்கிறது.

முடிவு

ஆகவே “நல்லா இருந்துச்சு” என்பது குறைபட்ட விமர்சனம் அன்று. கடைசிப் பக்கம்வரை போய்வந்தவர் தரும் வாக்குமூலம் அது. படிக்காமலே மூன்று பக்கம் மதிப்புரை எழுதலாம். முடிக்காமல் அவ்விரண்டு சொல்லை மனமறிந்து சொல்வது கடினம்.

வாசகர்க்கு ஒரு சொல்: யார் கேட்டாலும் கருத்தைத் தயங்காமல் கொடுங்கள். புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். இவ்வாய்வாளரின் ‘வாடிவாசல்’ போய் நான்கு மாதம் ஆகிறது.