கடைசிப் பெயர் கட்டாயம்

எலிகு யேலின் கல்யாணத் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 1680 நவம்பர் 4. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம் அதுதான். பெண், கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. கோயில் பிரதிஷ்டையாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுவரில் சுண்ணாம்புகூடச் சரியாகக் காய்ந்திருக்காது. அதே கோயிலில் 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலினைக் கைப்பிடித்தார். இதையும் சொல்வேன்.

என் தாத்தா ஞானமுத்துவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எந்த வருஷம் என்று மட்டும் தெரியாது.

டல்லாஸில் நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வம்ச விருட்சம் வரையச் சொன்னார்களாம். அவள் கேட்டாள் என்று, ஊரப்பாக்கத்தில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாதமாகத் தேடுகிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் இணையம் ஒழுங்காக வரும். எப்போதாவது வண்டலூர் மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கம் உறுமும். எதிர் வீட்டுக்காரர் அது லாரி என்கிறார். நான் சிங்கம் என்றே வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் தேடுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். 1982-ல் அப்பாவின் ஓய்வூதியத்துக்கு வயதுச் சான்று கேட்டார்கள். தாம்பரத்தில் ரயிலேறி, திருநெல்வேலியில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, தேரிக்காட்டு மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து ஊர் போய்ச் சேர்ந்தேன். பதிவேடு மர அலமாரியில் இருந்தது. சாவி சபைப் போதகரான ஐயரிடம் இருந்தது. ஐயர் சேகரத்தில் வேறு ஏதோ ஊருக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த உபதேசியார் பெயர்கூடக் கேட்கவில்லை. "தம்பி யாரு மவன்?" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "மெஞ்ஞானபுரத்துல வாக்கப்பட்டாளே உங்க பெரிய அத்தை, அவளுக்குப் பொறவு ஒண்ணு தவறிப்போச்சு. அதுக்குப் பொறவு உங்க அப்பன். புயலடிச்ச வருசம். அந்த அசனத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழம."

சாயங்காலம் சாவி வந்தது. அவர் புரட்டிய நாலாவது பக்கத்தில் அப்பா இருந்தார், பாதிதான். மீதியை ராமபாணம் தின்றிருந்தது. புத்தகத்தை அரிக்கும் வெள்ளிப் பூச்சிக்குத் தமிழில் அதுதான் பெயர். சபைப் பதிவேட்டை ராமபாணம் துளைத்தது என்று இன்றைக்கு எழுதினால் யாராவது வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். உபதேசியார் ஓட்டைகளை ஞாபகத்தால் நிரப்பி நகல் எழுதினார். ஐயர் வட்ட முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

"தாத்தாவோடதையும் பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"அது பழைய பொஸ்தகம். அடுத்த தடவ வா."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அடுத்த தடவை வரவில்லை.

இப்போது எங்கேயும் போக வேண்டாம். வம்சாவளி இணையதளத்தின் தேடும் பெட்டியில் பெயரைத் தட்டினால் போதும் என்கிறார்கள். தட்டினேன். 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரம் வந்தது. என் தாத்தாவுக்கு முதலும் கடைசியும் ஒரே பெயர்தான், முன்னால் ஓர் எழுத்து உண்டு. சரி என்று இரண்டு கட்டத்திலும் ஞானமுத்து. அடுத்த தொல்லை 'ஞ'. அதற்கு ஆங்கிலத்தில் ஜி-என்னா, என்-ஒய்யா, என்-ஜேயா? எந்த மிஷனரியின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். இலங்கையில் நான்கு பேர், பினாங்கில் ஒருவர். 'இவர்கள் உங்கள் உறவினராக இருக்கலாம்' என்று அந்தத் தளம் மகிழ்ச்சியோடு அறிவித்தது. யாரு மவன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோண்டத் தோண்டத்தான் விஷயம் புரிந்தது. கம்பெனிக் காலத்திலிருந்து சென்னை மாகாணத்துக் கோயில் பதிவுகளுக்கு ஒரு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1698 முதல் 1948 வரை அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், படைவீரர் குடும்பங்கள். பரங்கிமலை சார்ஜெண்டுகளின் பிள்ளைகளை இப்போது எனக்கு வரிசையாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பனையேறிகளின் பிள்ளைகளை யார் கப்பலில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள்?

தரங்கம்பாடிக்காரர்கள் பரவாயில்லை. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் 1710 முதல் அச்சிட்டார்கள். கப்பலில் மாதக்கணக்காகப் போன கடிதம் என் திரையில் இரண்டு நொடியில் விரிகிறது. பழைய ஜெர்மன் அச்சு. ஓர் எழுத்து புரிவதில்லை. 'தமிழ்' என்று தேடினால் பதில் இல்லை. அவர்கள் நம்மை 'மலபாரிகள்' என்றல்லவா எழுதினார்கள்! அந்தச் சொல்லைப் போட்டால் கொட்டுகிறது.

பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். இரண்டு வருஷம் முன்னால் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மாள் சேர்த்த சபை அது. கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட நெல்லை மிஷன் வரலாற்றில் அதைப் பற்றிப் படிக்கலாம். நாற்பதே பேர்! உபதேசியார் இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேருக்கும் வாரிசு சொல்லியிருப்பார்.

இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று பக்கத்திலேயே நடந்தது. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு சீனாவில் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பான் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்புதான் அங்கே குடிவந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரியில் உலகம் முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கினார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து சில ஸ்டேஷன் தள்ளித்தான். அந்த மாநாட்டின் ஆவணங்களைப் பார்க்க வேண்டுமானால் ஜெனீவாவுக்குப் போக வேண்டும்.

வெளிநாட்டில் இருந்தால் பத்திரம் என்பார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையார் கருங்கல் மலையையே குடைந்து உலகத்துப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களை அடுக்கியிருக்கிறார்கள். 24 லட்சம் சுருள்களையும் 2021-ல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். பிரமிப்புதான். ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபர் 28 அன்று இணையக் கொள்ளையர்கள் தாக்கியதில் அதன் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. செயின்ட் மேரி கோயில் பிரதிஷ்டையானது 1680 அக்டோபர் 28. அதே தேதி. புதுக் காலத்து ராமபாணம் பிட்காயினில் கூலி கேட்டதாம்.

கடைசியில் போன வாரம் ஊருக்கு போன் போட்டேன். அந்த உபதேசியாரின் பேரன் இப்போது அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறான். "நாளைக்கே பாத்து அனுப்புதேன் அண்ணாச்சி" என்றான். சொன்னபடி வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பழுப்புத்தாள், சாய்ந்த கையெழுத்து, 'ஞானமுத்து'. பக்கத்தில் தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில் பனையேற்று. தன் சொந்தத் தாத்தாவையே அன்றைக்குத்தான் பார்த்தமாதிரி இருந்தது என்று என் மனைவி சொன்னாள். அவளுக்கு அவர் ரத்த உறவே இல்லை.

வருஷம் இருந்த இடத்தில் பையனின் பெருவிரல்.

விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது.

"அலமாரிய பூட்டிட்டு ஐயர் பக்கத்து ஊருக்குப் போயிட்டாரு அண்ணாச்சி. சாவி அவருகிட்டதான் இருக்கு."