ஏழடி கவுன்சலர்

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். ஒரகடத்து ஃபேக்டரி ஷிப்ட்காரன் செவ்வாய்க்கிழமை வந்து புலம்பினால் குறுக்கே பேசாமல் கேட்பார், பில் போடமாட்டார்.

ஷிப்ட்காரனான என் மச்சானுக்கு அது போதவில்லை. தூக்கம் கெட்டு ஒரு கவுன்சலரிடம் போனான். 45 நிமிஷம், 1,500 ரூபாய். அதில் முதல் 15 நிமிஷம், ரொட்டேஷன் ஷிப்ட் என்றால் என்னவென்று அவருக்கு விளக்குவதிலேயே போயிற்று. பாடம் எடுத்தவனே 500 ரூபாய் ஃபீஸும் கட்டினான்.

உடம்புக்கு உள்ள காப்பீடு மனசுக்கும் உண்டு என்கிறது 2017 மனநலச் சட்டம். ஆனால் அவன் பாலிசிக்கு, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் நோய். நாற்காலியில் உட்கார்ந்து அழுதால் கணக்கில் வராது.

"14416க்கு அடி. டெலி மானஸ், மனநல ஹெல்ப்லைன், 2022லிருந்து இருக்கு, இலவசம்" என்றேன்.

"கம்பெனியில போனை கேட்டிலேயே வாங்கிடுறாங்க. ரூம்ல ஆறு பேரு. எங்க நின்னு பேசுறது மாமா?"