அட்டைப்பெட்டி அப்பா

பழங்காநத்தத்து மளிகைக்கடை வாசலில், வாங்க வேண்டியதை வாங்கிய பிறகும் நகராமல் ஒருவர் நின்றால், கடன் சொல்ல வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கண் உள்ளே இருக்கும் பிஸ்கட் பெட்டி மேல்.

"அண்ணாச்சி, அதப் பிரிச்சா எனக்கு எடுத்து வைங்க."

"உள்ள இருக்கிற பிஸ்கட்டு வேணாமா சார்?"

"பெட்டி போதும்ணே."

இவர்தான் அட்டைப்பெட்டி அப்பா. மகனுக்காக, மரத்தில் செய்த மாண்டிசோரி கல்விச் சாமான்களின் விலையை ஒருமுறை விசாரித்தவர். அன்றைக்கே கட்டர், இரும்பு ஸ்கேல், ஃபெவிகால் எல்லாம் வாங்கியாகிவிட்டது. இன்று அட்டையைத் தொட்டாலே மூணு பிளையா, அஞ்சு பிளையா என்று சொல்லிவிடுவார். மிக்சிப் பெட்டிக்குத் தனி மரியாதை. ஆன்லைனில் வந்த பெட்டி ஆகாது. டேப்பைப் பிய்த்தால் அட்டையின் தோலும் சேர்ந்து உரிகிறதாம்.

இந்தச் சாமான்களை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். திரும்புவதற்குள் அவருடைய இத்தாலியும் போரில் இறங்கியது. வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. அதில் கொஞ்ச காலம் கொடைக்கானல். இந்தக் கதையை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும்! அந்த அம்மாள் வத்தலக்குண்டு பஸ்ஸில் இவருக்குப் பக்கத்து சீட்டில் வந்ததுபோல இருக்கும்.

அப்பா முதலில் செய்தது இளஞ்சிவப்புக் கோபுரம். பத்துக் கனசதுரங்கள், சின்னது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. மரத்தில் செய்தால் பெரியது சின்னதைப்போல 1000 மடங்கு கனக்கும். அட்டைக்குள் காற்றுதானே இருக்கும்? கனம் பிள்ளையின் கைக்குத் தெரிய வேண்டாமா? பத்தையும் நிரப்பக் கிட்டத்தட்ட 3 லிட்டர் அரிசி பிடித்தது.

"இட்லி அரிசி எங்கங்க?"

"கோபுரத்துல இருக்கு."

அடுத்த மாதம் கோபுரத்திலிருந்து வண்டு வந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும், மனிதர் வேலை சுத்தம். ஒரு மூலை பிசகாது. ஆனால் அட்டைக்கு அதெல்லாம் தெரியாது. மாண்டிசோரி சாமானின் சூட்சுமமே, பிள்ளை செய்யும் தப்பைச் சாமானே காட்டிக்கொடுப்பதுதான். குழிகளில் உருளைகளைப் பொருத்தும் சாமானையே எடுத்துக்கொள்ளுங்கள்: குழியைவிடப் பருத்த உருளை அதற்குள் இறங்காது. பிள்ளையே வேறு குழி தேடும். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இவர் செய்த அட்டைக் குழிகளோ இரண்டே நாளில் நெகிழ்ந்துபோய், எந்த உருளையும் எதிலும் இறங்குகிறது. ஆகவே தப்பைக் காட்டும் பொறுப்பையும் அப்பாவே ஏற்றுக்கொண்டார்.

"அதில்லடா... பக்கத்துல... டேய், அமுக்காத, மடங்கிரும்!"

அடுத்து, விரலால் தடவிப் பழகும் எழுத்துகள். ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் 'அ' முதல் வெட்ட ஆரம்பித்தார். 'ஔ' வருவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது; பாக்கி உயிர்மெய் மட்டுமே 216. அப்பத்தா தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, "இதுல எழுதுய்யா" என்று பேரனை மடியில் இழுத்துக்கொண்டார். அவன் 'அ' எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான்.

"அம்மா, அது வேற மெத்தட்" என்றார் அப்பா.

பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. நாலு வயதில் தர வேண்டிய எண் கோல்கள் இன்னும் பாக்கி. பெரிய கோலின் நீளம் 1 மீட்டர்; ஒட்டுப் போடாமல் ஒரே அட்டையில் வெட்டினால்தான் ஆயிற்று என்கிறார். டி.வி.எஸ். நகர், மாடக்குளம் பக்கம் யாராவது புது பிரிட்ஜ் வாங்கியிருந்தால், பெட்டியைக் கிழிக்காமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.