அப்பன் கிண்ணத்தை முதல்ல மாத்துலே

ஏலே பேராண்டி, காக்கட்டீல் கிளிக் குஞ்சு நாலும் தானாத் தின்ன மாட்டேங்குதுன்னு உங்கம்மாகிட்டப் புலம்பினியாமே? கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. உன் மகன் பள்ளிக்கூடம் போற பய. செல்போனை மூஞ்சிக்கு முன்னால பிடிச்சாத்தான் வாயைத் திறக்கான். இந்தக் குஞ்சுக முட்டையை விட்டு வந்து ஆறு வாரம்தான் ஆகுது, அதுக தனிக்குடித்தனம் போயிரணும்னு உனக்கு அவசரம். நல்ல நியாயம்தான்.

அதுக வீட்டு நடப்பைக் கேட்டுக்கோ. பகல்ல சேவல் அடை உக்காரும், ராத்திரி பெட்டை உக்காரும். உங்கப்பன் உன்னை ஒரு ராத்திரி மடியில வாங்கினதா எனக்கு ஞாபகம் இல்ல, அதை விடு. 4, 5 வாரத்துல குஞ்சு கூட்டுப்பெட்டியை விட்டு வெளிய வரும். றெக்கை முளைச்சிருச்சு, பறக்குது, இனி நம்ம சொன்னபடி தின்னும்னு நீ நினைச்சுக்கிடுதே. அதுக்குப் பெறகும் 8, 10 வாரம் வரைக்கும் பெத்ததுகதான் ஊட்டும். பெட்டைக்கு மறுபடி முட்டை ஞாபகம் வந்துட்டா முக்கால்வாசிப் பாடும் சேவல் தலையில. சில பெட்டை, வெளிய போன்னு குஞ்சோட முதுகு இறகைப் புடுங்கிரும். அப்ப மட்டும் குஞ்சையும் சேவலையும் வேற கூண்டுல விடு. மத்தபடி நீ கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இரு. அதுதான் உனக்கு வராதே!

மூணு வாரக் குஞ்சைப் பெட்டியிலேருந்து எடுத்து, கூடவே ஒரு சிரிஞ்சும் மாவுப் பொட்டலமும் குடுத்து, 'கையில ஊட்டினாத்தான் சார் பழகும்'னு ஒருத்தன் விப்பான். வாங்குறவனுக்கு அது பெருமை. மாவு சூடு கூடினா குஞ்சோட இரைப்பை வெந்துரும். ஆறிப் போனா உள்ளயே கிடந்து புளிச்சுரும். வழி மாறிப் போனா நுரையீரல்ல இறங்கி முடிஞ்சு போச்சு. பழகணும்னா தினம் கொஞ்ச நேரம் குஞ்சைக் கையில எடுத்து வச்சுப் பேசு, திரும்ப அப்பன்கிட்ட விட்டுரு. ஊட்டுற வேலை அவனுக்கு, கொஞ்சுற வேலை உனக்கு. இதை விட லாபமான கூட்டு வியாபாரம் எங்கலே கிடைக்கும்?

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாறேன். குஞ்சு எதைத் தின்னும்? அப்பன் தின்னுறதைத் தின்னும். அப்பன் கிண்ணத்துல என்ன இருக்கு? நான் பாத்தேன்ல, பாதிக்கு மேல சூரியகாந்தி விதை. ஆஸ்திரேலியாவுல வறண்ட காட்டுல மைல் கணக்கா அலைஞ்சு, தரையில சின்னச் சின்னப் புல்விதை பொறுக்கித் தின்ன சாதி அது. உன் பால்கனிக் கூண்டுல உக்காந்த இடத்துல எண்ணெய் விதை தின்னா ஈரல்ல கொழுப்பு கட்டாம என்ன செய்யும்? விதை ஒண்ணையே தின்ன பறவைக்கு வைட்டமின் ஏ பத்தாது, சுண்ணாம்புச் சத்தும் பத்தாது. குஞ்சைத் திருத்த வந்தவன், சேவல் கிண்ணத்தைத் திருத்தலையே!

சூரியகாந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறை. ஒரே நாள்ல நிறுத்தினா சேவல் பட்டினி கிடக்கும், அதோட சேந்து குஞ்சும் கிடக்கும். தினை, சாமை, கம்பு, கொஞ்சம் பெல்லட் தீனி, எல்லாம் நம்ம கடைத்தெருவுல கிடைக்கும். ராத்திரி பயறும் தானியமும் ஊறப் போட்டுக் காலையில நல்லா அலசு. வெள்ளை முளை எட்டிப் பாக்கையில வை. புளிச்ச வாடை அடிச்சா யோசிக்காமக் கொட்டிரு. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட், பரங்கிக்காய், அவிச்ச முட்டை, எல்லாத்தையும் உப்பில்லாம மாத்தி மாத்தி வை. வெயில் நாள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஈரத் தீனி கூண்டுல கிடக்கக் கூடாது. கடிச்சு அரைக்க ஒரு கணவாய் ஓடு தொங்கவிடு.

கிண்ணத்தை உசரத்துல மாட்டாதே. தட்டையான தட்டுல தீனியைப் பரப்பிக் கூண்டுத் தரையில வை. ஒரு தினைக்கதிரைக் குஞ்சுக்கு எட்டுற மாதிரிக் கட்டு. முதல்ல அது திங்காது, விளையாடும். கதிரைக் கடிக்கும், இழுக்கும், கீழ போடும். சேவல் வந்து ஒரு மணியை உடைச்சுக் காட்டினா, பக்கத்துல தலையைச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அதே மாதிரி மணியை நாக்குல உருட்டி, உமியைத் துப்பிட்டுப் பருப்பை முழுங்கும் பாரு, அதைச் செல்போன்ல படம் பிடி, தப்பில்ல.

அதுக்குப் பெறகும் தலையை ஆட்டிக்கிட்டு அப்பன் பின்னாலயே கத்திக்கிட்டு அலையும். வயித்துப்பசி பாதி, பழக்கம் பாதி. எது எதுன்னு தெரியணுமா? ராத்திரி அடையப் போகையில கழுத்துக்குக் கீழ தொட்டுப் பாரு. இரைப்பை மெத்துன்னு நிறைஞ்சிருந்தா நடிப்பு. தொளதொளன்னு கிடந்தா நெசம். சமையல் தராசு இருக்குல்ல, தினம் காலையில நிறுத்துப் பாரு. வளந்த பறவை 80, 100 கிராம் வரும். தீனி பழகுற நாள்ல எடை பத்துல ஒரு பங்கு வரைக்கும் இறங்குறது உண்டு. அதுக்கு மேல இறங்கினா, எச்சம் கரும்பச்சையாக் கொஞ்சூண்டு விழுந்தா, அது பட்டினிலே. என்னைக் கேக்காதே, பறவை பாக்குற கால்நடை டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடு.

இன்னொண்ணு. கிண்ணம் நிறைய இருக்குன்னு நீ நினைக்கே பாரு, அதை ஒரு தடவை வாயால ஊதிப் பாரு. பறக்குறது பூராம் உமியா இருக்கும். நிறைஞ்ச கிண்ணத்துக்கு முன்னால பறவை பட்டினி கிடக்கிறது பட்டணத்துல சகஜம்.

உன் சம்சாரம்கிட்டயும் சொல்லு: சாக்லேட், காப்பி, வெங்காயம், அவகாடோ ஒண்ணும் பறவைக்கு ஆகாது. ஒட்டாத தோசைக்கல் அடுப்புல கருகினா அந்தப் புகையே அதுகளைக் கொன்னுரும். நீ ராத்திரி கொறிக்கிற மிக்சரையும் கூண்டுக்குள்ள நீட்டாதே.

குஞ்சு கேட்டு எவனாவது முன்பணம் நீட்டினா வாங்காதே. ஒரு வாரமாவது அப்பன் ஊட்டாமத் தானாத் தின்னு எடை இறங்காம நிக்குற குஞ்சை மட்டும் குடு, அது தின்னு பழகின தீனியில ஒரு பையும் சேத்துக் குடு. அவன் அவசரப்பட்டா என்கிட்ட அனுப்பிவிடு, நான் பேசிக்கிடுதேன்.