குழாய்க்கடைச் சாமுராய்

நீண்ட மரக்கம்பு, அதன் நுனியில் வளைந்த வாள் அலகு: ஜப்பானின் நாகினாத்தா. அதை வீட்டிலேயே, அதுவும் மலிவாகச் செய்யும் வீரர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அலகின் அடியை இறுக்கிப் பிடிக்கும் ‘ஹபாகி’க்காகக் கைவினைஞரிடம் தவம் கிடப்பானேன்? ஒரு அங்குலச் செப்புக் குழாயை நறுக்கி, சுத்தியலால் நசுக்கினால் ஆயிற்று. கைக்காப்புத் தட்டான ‘ட்சுபா’வுக்கு ஒரு பெரிய வாஷர். அடிப்பூணான ‘இஷிஸுகி’க்குக் குழாய் மூடி, மரை போட்டது என்பதால் போர் முடிந்ததும் கழற்றிக் கழுவலாம். பழைய சாமுராய்களுக்கு ஏது இந்த வசதி! அலகு கழலாமல் தடுக்கும் ‘மெகுகி’ ஆணி மட்டும் மரபு வழுவாத மூங்கில். ஹோட்டலில் சாப்ஸ்டிக் இலவசம் அல்லவா?

1588-இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களின் வாள், ஈட்டிகளைப் பறிமுதல் செய்தபோது, கியோத்தோவில் எழும்பும் பெரிய புத்தருக்கு அவை ஆணியாகும், பிணைப்பாகும் என்று சமாதானம் சொன்னார். ஆயுதம் ஹார்டுவேர் ஆனது. நம் வீரர்கள் அந்த அநீதியை ஹார்டுவேர் கடை வழியாகவே சரிசெய்து வருகிறார்கள்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே என்று வந்த பிளம்பர் மட்டும் விடுவதாயில்லை. காணாமல்போன பாகமெல்லாம் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறதாம். கழற்றிக் கொடுத்தால் பத்தே நிமிட வேலையாம்.